கேட்டு வாங்கிய ஒரு மணி நேரம்

புத்தகம் போட என்ன வேண்டும் என்று என்னிடம் விசாரிக்கிற பெண்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு ஆகும், எந்த அச்சகத்தில் கொடுக்கலாம், போட்ட காசு திரும்புமா. இதற்கெல்லாம் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். ஆனால் எனக்குப் பணத்தைவிடக் கடினமாக இருந்தது வேறொன்று. தினமும் ஒரு மணி நேரம் என்னைத் தனியாக விடுங்கள் என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்பது. அதைக் கேட்க எனக்குப் பல வருஷம் பிடித்தது.

நான் சிவகாசியில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். அது பேஜ்மேக்கர் காலம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், காலண்டரின் அடியில் வரும் கடை விலாசம், பள்ளிக்கூட நோட்ஸ் என்று கையில் எது கிடைத்தாலும் அடிப்போம். எப்போதாவது ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது கவிதைத் தொகுப்போடு வருவார். நான் தமிழை ஒழுங்காகப் படித்தது அந்த நாற்காலியில்தான். ஒரு வாக்கியம் எந்த இடத்தில் இழுக்கிறது, எந்தச் சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பது அடிக்கிற விரலுக்குத் தெரிந்துவிடும். வாத்தியாரின் வரியில் ஒரு சொல்லை எடுத்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும். எடுக்கக் கூடாது. கையெழுத்துப் பிரதியில் உள்ளபடி அடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கென்று ஒரு பிரதி இருந்தால் எடுக்கலாம் என்ற ஆசை அப்போது வந்தது.

கல்யாணமாகிச் சாத்தூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. அத்தை எங்களோடுதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு. ஆபீஸில் மிஞ்சிய பழைய டைரிகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். பால் கணக்கு, மளிகைக் கணக்கு எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் கதை எழுத ஆரம்பித்தேன். எழுதிய டைரிகள் பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தன.

யாரும் என்னை எழுதாதே என்று சொன்னதில்லை. நானாகத்தான் ஒளித்தேன். எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கிற பெண் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பாள். அந்த நேரத்தில் அவள் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். ஜாக்கெட்டுக்குக் கூலி வருகிறது, அதனால் அது வேலை. கதைக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? வருமானம் இல்லாத ஒன்றுக்கு நேரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது, குக்கர் விசில் வருவதற்குள், ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது என்று திருட்டு நேரத்தில் எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் என் பிள்ளைகள் மேல் எனக்கு உள்ளுக்குள் கோபம் இருந்தது. ஒரு வரி கூடி வருகிற நேரத்தில் "அம்மா" என்று கூப்பிட்டால் முகம் சுளிக்கும். தண்ணீர் கேட்ட குழந்தைக்கு டம்ளரை நங்கென்று வைத்திருக்கிறேன். அவர்களுக்கு நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதே தெரியாது. தெரியாத ஒன்றை அவர்கள் எப்படி மதிப்பார்கள்? வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிற பெண்ணுக்கு வீட்டில் உள்ள அத்தனை பேரும் இடைஞ்சலாகத் தெரிவார்கள். எழுத்தைவிட அந்தக் கசப்பு எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் ஒரு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் இருக்கும்போது சொன்னேன். நான் கதை எழுதுறேன், ரொம்ப நாளா எழுதுறேன், எனக்கு ஒரு மணி நேரம் வேணும்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "எந்த நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

அத்தைதான் நேரத்தை முடிவு பண்ணினார்கள். "மத்தியானம் உக்காருத்தா. வாசலுக்கு ஆரு வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன். சாயங்காலம் வேண்டாம், பிள்ளைக வர்ற நேரம். தண்ணி வர்ற அன்னைக்கும் கிடையாது."

இரண்டு மணியிலிருந்து மூன்று மணி என்று ஆனது. குழாயில் தண்ணீர் வருகிற நாள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடிக்கிற நாள், விசேஷ நாள் தவிர. முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. வெளியே அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டால் குற்றவாளி மாதிரி இருந்தது. எழுந்து போய் "குடுங்க அத்தை" என்று வாங்கினால், "உன் வேலையப் போய்ப் பாரு" என்றார்கள். உன் வேலை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அது எனக்கும் வேலையானது.

வை.மு.கோதைநாயகி அம்மாளைப் பற்றி அந்த நாட்களில்தான் படித்தேன். 1901இல் பிறந்தவர். ஆறு வயது நிறைவதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்குச் சரளமாக எழுத வராது. பிறகு எழுதப் பழகி, 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி, அதில் தன் நாவல்களைத் தொடராகப் போட்டுப் புத்தகமாகவும் கொண்டுவந்தார். 115 நாவல்கள். அவர் கணவர் பார்த்தசாரதி ஆரம்பத்திலிருந்தே கூட நின்றவர். இந்தக் கதையைப் படிக்கும்போது என் கண் நின்றது பட்டம்மாள் மேல். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள். இந்த வேலையில் முதல் அடியை யாரும் தனியாக வைப்பதில்லை.

புத்தகம் போட ஆரம்பித்த பிறகு எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இது: கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அந்த ஒரு மணி நேர எழுத்து மட்டும்தான். மற்ற எல்லாமே வீடு நிறைய ஆள் இருக்கும்போது செய்யலாம். தட்டச்சு, மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, பார்சல் கட்டுவது எதற்கும் தனிமை தேவையில்லை. சிலவற்றுக்குக் கூட ஆள் இருந்தால்தான் நல்லது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மொத்தப் புத்தக வேலைக்கும் அமைதி தேடினால் புத்தகம் வராது.

தட்டச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் சிவகாசியில் பழகியது பழைய எழுத்துருக்களில். அதில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் எழுத்து முதலில், குறி பிறகு. பழைய எழுத்துருவில் அடித்ததைக் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றினால் அங்கங்கே கொம்பு தனியாகப் புள்ளி வட்டத்தோடு நிற்கும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழைதான் மோசம். துணைக்காலும் ரகரமும் திரையில் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். 'ஔ'வுக்கு ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து அடித்திருப்போம். படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. தேடினால் அந்தச் சொல் கிடைக்காது, கைப்பேசியில் படித்துக் காட்டச் சொன்னால் உளறும். பழைய கோப்பு வைத்திருக்கிற எழுத்தாளர்கள் மின்னூல் போடுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் ஒரு தடவை தேடிப் பாருங்கள். நான் இந்த வேலையை மகன் வீட்டுப்பாடம் எழுதும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தேன்.

மெய்ப்புக்கு அத்தைதான் ஆள். எட்டாவது வரை படித்தவர்கள், வாரப் பத்திரிகைத் தொடர்கதை ஒன்றையும் விடாதவர்கள். என் முதல் நாவல் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களைப் பற்றியது. எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ்தான். அத்தை சிறு வயதில் அங்கே வேலை பார்த்தவர்கள். நான் சத்தமாக வாசிப்பேன், அவர்கள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார்கள். கட்டையில் குச்சி அடுக்குகிற ஒருத்திக்கு உள்ளங்கை தேய்ந்துபோனதாக எழுதியிருந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"உள்ளங்கை இல்லத்தா, பெருவிரலு நுனி. அங்கனதான் தோலு உரியும். ராத்திரி குழம்பு ஊத்திப் பிசையும்போது தெரியும் பாரு."

குழம்பில் விரல் வைக்கும்போது எரிகிற அந்த எரிச்சல் என் நாவலில் இல்லை. சேர்த்தேன். இப்போது அந்த நாவலைப் படித்தவர்கள் என்னிடம் பேசினால் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான். எந்தப் பதிப்பாசிரியரும் எனக்கு அதைத் திருத்திக் கொடுத்திருக்க முடியாது.

அதே அத்தை இன்னொரு இடத்தில், "எங்க அய்யா குடிச்சத மட்டும் எழுதாத" என்றார்கள். நாவலில் அந்தப் பாத்திரத்துக்கு வேறு பெயர், வேறு ஊர். யாருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் எடுத்துவிட்டேன். அது நல்ல அத்தியாயம், எடுத்ததில் நாவலுக்கு நஷ்டம்தான். எழுத்தாளன் எதற்கும் வளையக் கூடாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். நான் எழுதுவது அத்தையோடு ஒரே அடுக்களையில் நின்றுகொண்டு. செத்துப்போன தகப்பனைப் பற்றிப் பேச அவர்களுக்கு என்னைவிட அதிக உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படியே நினைக்கிறேன். வீட்டு ஆட்களின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் எழுதுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அச்சான பிறகு கேட்கிற கேள்விக்கு அர்த்தமில்லை.

முதலில் மின்னூலாகத்தான் போட்டேன். 2016 கடைசியில் கிண்டிலில் தமிழ் நூல்களுக்கு இடம் கிடைத்தது. எழுதுகிறவர்களே ஏற்றலாம் என்று ஆனதும் கைக்காசு இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய வாசல். வேர்டு கோப்பு, அட்டைப்படம், பான் எண், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். அமெரிக்க நிறுவனம் என்பதால் ஒரு வரிப் படிவம் கேட்கும், பயப்பட வேண்டாம். வங்கிக் கணக்கை உங்கள் பெயரில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தொகை சிறியதோ பெரியதோ, புத்தகப் பணம் வீட்டுச் செலவோடு கலந்தால் அடுத்த புத்தகத்துக்குக் கையில் ஒன்றும் நிற்காது. மாத விற்பனைக்கான பணம் ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துத்தான் வரும் என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள்.

இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அந்த மின்னூலை வேறெங்கும் தர மாட்டேன் என்ற 90 நாள் ஏற்பாட்டில் சேர வேண்டும். இல்லையென்றால் 35 சதவீதம். சேர்ந்தால் சந்தாதாரர்கள் படிக்கிற பக்கத்துக்கும் பணம் உண்டு. இந்தப் பக்கக் கணக்கு நம் பெண் எழுத்தாளர்கள் பலருக்குச் சொந்த வருமானம் கொடுத்திருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே கணக்கு கதையை நீட்டச் சொல்லும், மாதம் ஒன்று போடச் சொல்லும். அந்த வேகத்துக்கு ஒரு மணி நேரம் போதாது. மீதி நேரத்தைத் தூக்கத்திலிருந்தோ பிள்ளைகளிடமிருந்தோதான் எடுக்க வேண்டியிருக்கும். நான் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். மகள் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் முழுக்க என் மத்தியான நேரத்தை அவளுக்குக் கொடுத்தேன். இரண்டாவது நாவல் அதனால் தள்ளிப்போனது. சொந்தமாகப் புத்தகம் போடுவதில் எனக்குப் பிடித்ததே இதுதான். தள்ளிப்போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அச்சுப் புத்தகம் வேண்டும் என்றது அத்தை. போனில் படிக்க அவர்களுக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. அதற்காகச் சிவகாசிக்கே போனேன், இந்தத் தடவை வாடிக்கையாளராக. அச்சுக்குப் போகிறவர்கள் பாரக் கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். டெம்மி அளவில் ஒரு பாரம் 16 பக்கம். 192 பக்கம் என்றால் 12 பாரம். என் நாவல் 195 பக்கம் வந்தது. அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரத்தின் தாளும் கூலியும் போக வேண்டாம் என்று மூன்று பக்கத்தை வெட்டினேன். கல்யாண மண்டபத்தை வர்ணித்திருந்த பக்கங்கள். போனதில் எனக்கு வருத்தமில்லை, டிடிபி சென்டரில் இருந்த காலத்து ஆசை அன்றைக்குத்தான் தீர்ந்தது. சில நூறு பிரதிகள் போதுமென்றால் டிஜிட்டல், ஆயிரம் என்றால் ஆஃப்செட். ஆயிரம் போட்டால் பிரதிக்கு அடக்கம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். குறையும்தான். ஆனால் விற்காத பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், பிள்ளைகள் படிக்கிற இடத்தை அடைக்கும். விலை வைக்கும்போது புத்தகக் கடைக்குப் போகும் 35, 40 சதவீதக் கழிவை மறந்துவிடாதீர்கள். அட்டைக்கும் உள் பக்கங்களுக்கும் காசு கொடுத்து வேலை வாங்கினால் ஓப்பன் ஃபைலைக் கேட்டு வாங்கி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த பதிப்பில் ஒரு எழுத்தைத் திருத்தவும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். "எல்லாவற்றையும் நாங்களே செய்து கொடுக்கிறோம்" என்று மொத்தத் தொகை கேட்கும் இடங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உரிமை யாருடையது, கோப்பு யாருடையது, எத்தனை பிரதி உங்கள் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புத்தகம் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி என்று நான்கு நூலகங்களுக்குச் சொந்தச் செலவில் பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. சொந்தமாகப் போடுகிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நான் நான்கையும் அனுப்பினேன். தீப்பெட்டி ஆபீஸில் விரல் தேய்ந்தவளின் கதை அரசாங்க அலமாரியில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அச்சுக்குப் பணம் முன்பதிவில் சேர்ந்தது. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்துகொண்டே 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது பலரிடம் கையொப்பம் வாங்கி, அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான். என் புத்தகத்துக்கு முன்பணம் கொடுத்தவர்களின் பட்டியலை மகள் நோட்டில் எழுதினாள். பார்சல் கட்டியது வீட்டுக்காரர். லாரி ஆபீஸ்காரருக்குப் பார்சலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புத்தகத்துக்கு அடிபடுவது மூலையில்தான் என்று சொல்லி, பழைய அட்டைப் பெட்டியை முக்கோணமாக வெட்டி நான்கு மூலைக்கும் மாட்டி, அதற்கு மேல் தாள் சுற்றினார். மடங்கிய பிரதி என்று ஒரு புகாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடத்தில் டேப் இழுக்கும் சத்தம். மகன் விலாசத்தைச் சத்தமாக வாசித்து ஒட்டினான், எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அப்பாவும் பிள்ளையும் விவாதம் பண்ணினார்கள். முன்பு எவர்கள் மேல் எரிச்சல்பட்டேனோ அவர்கள் கைதான் புத்தகத்தை அனுப்பி வைத்தது.

இப்போதும் வருமானம் பெரிதில்லை. ஒரு புத்தகம் அடுத்த புத்தகத்தின் அச்சுக்கூலியைக் கொண்டுவருகிறது, கொஞ்சம் மிஞ்சுகிறது. வேலையை விட்டுவிட்டு எழுதலாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு என் அறைக் கதவு சாத்தியிருந்தால் தெருவில் உள்ளவர்களும் இப்போது தட்டுவதில்லை.

பீரோவுக்குள் நோட்டை வைத்திருக்கிற பெண்களுக்குச் சொல்கிறேன். காசு வரட்டும், பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள். நேரம் கிடைக்காமல் புத்தகம் வராது, புத்தகம் வராமல் காசு வராது. எந்த நேரம், எவ்வளவு நேரம், எந்தெந்த நாளில் விட்டுக்கொடுப்பீர்கள் என்பதை நீங்களே முடிவு செய்துகொண்டு, இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். வீட்டில் அப்படி யாராவது கேட்டால், நீங்கள் கணவரோ மாமியாரோ வளர்ந்த பிள்ளையோ, எதற்கு என்று கேட்காதீர்கள். எந்த நேரம் என்று கேளுங்கள்.